முப்பத்தொன்பது வயதில் ஓர் அறிமுகம்

பெண்குரல்களில் மிக உயர்ந்ததான சொப்ரானோ குரல் கொண்ட நார்வே பாடகி கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1935 பிப்ரவரி 2 அன்று நியூயார்க்கின் இசைநாடக அரங்கான மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அவர் முதன்முதலாகத் தோன்றிய பிற்பகலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அப்போது அவருக்கு வயது 39. அவருடைய ஒலிப்பதிவுகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் எனக்கோ, அந்தப் பிற்பகலுக்கு முன்னால் ஏறத்தாழ யாருடைய கவனத்திற்கும் வராமல் கழிந்த 21 ஆண்டுகள்தான் அவரது குரலுக்கான விளக்கமாகத் தோன்றுகின்றன.

1895இல் ஹமாரில் பிறந்த அவருக்கு இசை வீட்டிலேயே கிடைத்தது. தந்தை இசைக்குழு நடத்துநர். தாய், பாடகர்களுக்குப் பாத்திரங்களைப் பாடம் சொல்லித்தந்த பியானோ கலைஞர். பத்தாவது பிறந்தநாளுக்குப் பரிசாக வந்தது ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'லோஹென்கிரின்' ஓபராவின் இசைச்சுவடி என்பதிலிருந்தே அந்த வீட்டின் இயல்பை ஊகித்துக்கொள்ளலாம். 1913 டிசம்பரில், பின்னாளில் ஆஸ்லோ எனப் பெயர் மாறிய தலைநகரில், இசையமைப்பாளர் டால்பேரின் 'டீஃப்லாண்ட்' ஓபராவில் நூரி என்னும் சிறுமியின் பாத்திரத்தில் முதன்முதலாக மேடையேறினார். அதன்பின் ஆபரெட்டாக்கள் எனப்படும் இலகுவான இசைநாடகங்கள், இசை நகைச்சுவைகள், அவ்வப்போது ஓபராக்கள் என்று நார்வேயிலும் ஸ்வீடனிலும் கிடைத்ததையெல்லாம் பாடினார்.

இதை வீணான காலம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒலிவாங்கி இல்லாமல், முழு ஆர்க்கெஸ்ட்ராவின் முழக்கத்தையும் தாண்டி, அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கப் பாட வேண்டிய கலை இது. நாடகச் சொப்ரானோ என்று வகைப்படுத்தப்படும் கனத்த குரல் மற்றக் குரல்களைவிடத் தாமதமாகவே பக்குவமடைகிறது. அது பக்குவமடைவதற்கு முன்பே வாக்னரின் ஓபராக்களில் வரும் இசோல்டே, புரூன்ஹில்டே என்னும் கனமான நாயகிப் பாத்திரங்களைச் சுமக்க வைத்தால், தொண்டையை இறுக்கி ஓசையை வெளியே தள்ளும் பழக்கம் படிந்துவிடும். பிறகு நீண்டு ஒலிக்கும் சுரங்கள் ஆட்டம் காணத் தொடங்கும். ஃபிளாக்ஸ்டாட் முதன்முதலாக இசோல்டே பாடியது 1932இல், ஆஸ்லோவில், 36ஆம் வயதில். அதற்குள் மேடையில் மூச்சை எப்படிச் செலவிடுவது, எதை மிச்சம் பிடிப்பது என்பதெல்லாம் அவருக்கு உடம்போடு ஒட்டிய பழக்கமாகியிருக்க வேண்டும். அவருடைய பதிவுகளில் எத்தனை பெரிய உச்சத்திலும் முயற்சியின் சத்தம் கேட்பதில்லை என்பதே என் சான்று.

அதன்பின் நிகழ்ச்சிகள் வேகம் எடுத்தன. 1933இல் ஜெர்மனியில் வாக்னரின் ஓபராக்களுக்கென்றே நடக்கும் பைராய்ட் விழாவில் சிறு பாத்திரங்கள், மறு ஆண்டு அங்கேயே சீக்லிண்டே, பின்னர் மெட்ரோபாலிட்டனின் அழைப்பு. ஓய்வுபெற்றுவிடலாமா என்றுகூட அதற்கு முன்பு அவர் எண்ணியிருந்தார். வாக்னரின் 'வால்கியூரே'யில் சீக்லிண்டேயாக அவர் பாடிய அந்த முதல் நிகழ்ச்சி நாடெங்கும் வானொலியில் ஒலிபரப்பானது. நான்கு நாட்களில் இசோல்டே, அதே மாதத்தில் புரூன்ஹில்டே. பொருளாதாரப் பெருமந்தத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த அந்த அரங்கில், உயர்ந்த ஆண்குரலான டெனரில் பாடும் லௌரிட்ஸ் மெல்கியோரும் அவரும் சேர்ந்து பாடிய வாக்னர் இரவுகளுக்கு நுழைவுச்சீட்டு கிடைப்பது அரிதாயிற்று.

1941இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த நார்வேக்கு, கணவருடன் இருப்பதற்காகத் திரும்பிப் போனார். கணவர் ஹென்றி யோஹான்சன் மர வணிகர். நாஜிகளுக்குத் துணைநின்ற குவிஸ்லிங்கின் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். போர் முடிந்ததும் கைது செய்யப்பட்டு, 1946இல் இறந்தார். ஃபிளாக்ஸ்டாட் அந்த ஆண்டுகளில் நாட்டுக்கு வெளியே ஸ்வீடனிலும் சுவிட்சர்லாந்திலும் மட்டுமே பாடினார் என்றாலும், போருக்குப் பின் அமெரிக்காவில் அவரது கச்சேரிகளுக்கு வெளியே எதிர்ப்பாளர்கள் நின்றார்கள். நிலைமை எப்படி இருக்கும் என்று தெரிந்தே திரும்பிய அவரது முடிவைப் பிழை என்றே நான் கருதுகிறேன். அந்தப் பிழைக்குக் கொடுத்த விலை மிகையானது என்றும் கருதுகிறேன். மெட்ரோபாலிட்டன் மேடைக்கு மீண்டும் வர 1951 ஆகிவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு, மே 22 அன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'நான்கு இறுதிப் பாடல்கள்' முதன்முதலாக ஒலித்தன. பாடியவர் ஃபிளாக்ஸ்டாட், இசைக்குழுவை நடத்தியவர் ஃபுர்ட்வாங்லர். அந்தக் கச்சேரிக்குப் பொருளுதவி செய்தவர் மைசூர் மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையார் என்பதை முதன்முதலில் படித்தபோது நான் பக்கத்தைத் திருப்பாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1952இல் அதே ஃபுர்ட்வாங்லருடன் லண்டனில் வாக்னரின் 'டிரிஸ்டனும் இசோல்டேயும்' முழுமையாகப் பதிவாயிற்று. 56 வயதில் உயர்ந்த 'சி' சுரம் அவருக்கு எளிதில் வசப்படவில்லை. இரண்டாம் அங்கத்தில் வரும் அந்தச் சுரங்களை மட்டும் மற்றொரு சொப்ரானோவான எலிசபெத் ஷ்வார்ஸ்கோப் பாடிச் சேர்த்தார். செய்தி வெளியே கசிந்தபோது ஃபிளாக்ஸ்டாட் மனம் புண்பட்டார். இதை மோசடி என்பவர்களோடு நான் வாதிட்டதுண்டு. ஏறத்தாழ நான்கு மணி நேர இசையில் கடன் வாங்கியவை கண்ணிமைக்கும் நேரம் நிற்கும் ஓரிரு ஒலிகள். தெரிந்த பிறகும் ஒட்டுப்போட்ட இடத்தை என் காது கண்டுபிடிப்பதில்லை. நான் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம் அவருடைய நடுக்குரல்தான். முதல் அங்கத்தில் இசோல்டே, காயம்பட்ட டிரிஸ்டனைக் கொல்ல வாளை ஓங்கியதையும், அவன் தன் கண்களைப் பார்த்ததையும் தோழியிடம் சொல்லும் இடத்தில், அந்த ஒரு பார்வையைப் பற்றிய வரிக்கு வரும்போது குரல் சட்டென்று தணிகிறது. இந்தத் தணிவு இருபத்தைந்து வயதில் வருமா என்பது எனக்கு ஐயமே.

மேடையை விட்டபின் 1958இல் நார்வே தேசிய ஓபராவின் முதல் இயக்குநரானார். அதே ஆண்டில், இசைக்குழு நடத்துநர் ஷோல்டி நடத்திய, வாக்னரின் 'ரைன்கோல்ட்' இசைத்தட்டுக்காக ஃபிரிக்காவின் பாத்திரத்தைப் பாடினார். உயர் சுரங்களின் தொல்லை இல்லாத, தாழ்ந்த தளத்திலேயே நடக்கும் பாத்திரம் அது. 1959 பிப்ரவரியில் புதிய நிறுவனம் தன் முதல் படைப்பை மேடையேற்றியது. அது 'டீஃப்லாண்ட்'. நூரியின் வரிகளை இம்முறை வேறொரு பெண் பாடினாள்.