பன்னிரண்டு காலைகளின் முதல் குண்டு

என் மேசைமேல் ஓர் இலக்கு அட்டை இருக்கிறது. அதில் பன்னிரண்டு துளைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் காலையில், என் துப்பாக்கியின் குழல் குளிர்ந்திருக்கும்போது, 50 மீட்டர் தூரத்திலிருந்து சுட்ட முதல் குண்டு. இந்தக் குளிர்காலம் முழுவதும் நான் செய்த சோதனைகளில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்த அட்டைதான்.

நான் இருப்பது நியூசிலாந்தின் மத்திய ஒடாகோவில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்து விட்ட முயல்கள் இன்றும் இங்கே மேய்ச்சல் நிலத்தைத் தின்று தீர்க்கின்றன. பக்கத்துப் பண்ணைக்காரர் தம் நிலத்தில் சுட அனுமதி தந்ததால், உரிமம் பெற்று, .22 லாங் ரைபிள் என்னும் சிறிய தோட்டா போடும், ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துச் சுடும் சாதாரண போல்ட் துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். கடையிலிருந்து வந்த நிலையிலேயே வைத்திருக்கிறேன். குழலையோ விசையையோ மாற்றவில்லை. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் மட்டும் பொருத்தினேன்.

வாங்கும்போது என் மனத்தில் இருந்த எதிர்பார்ப்பு, 50 மீட்டரில் குண்டுகள் ஒரே துளையில் போகும் என்பது. பலர் காட்டும் படங்கள் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் மூன்று குண்டுகள், அதுவும் அன்றைய நாளின் மிகச் சிறந்த மூன்று. அதனால் எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒவ்வொரு வகைத் தோட்டாவிலும் ஐந்து ஐந்தாக ஐந்து முறை சுட வேண்டும், எந்த அட்டையையும் தூக்கி எறியக் கூடாது. துளைகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அளந்து, குண்டின் விட்டமான 5.7 மில்லிமீட்டரைக் கழித்தால் அந்த ஐந்து துளைகள் சேர்ந்த கொத்தின் அகலம் கிடைக்கும்.

மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டதில், விலை மலிந்த அதிவேகத் தோட்டா 19, 31, 38, 47, 35 மில்லிமீட்டர் தந்தது. சராசரி 34. அந்த 19-ஐ மட்டும் படம் எடுத்துக் காட்டியிருந்தால் எல்லாரும் என்னை நம்பியிருப்பார்கள். நானும் என்னை நம்பியிருப்பேன். ஒலியைவிட மெதுவாகப் போகும் வேட்டைத் தோட்டா 18, 24, 21, 30, 22; சராசரி 23. விலை உயர்ந்த போட்டித் தோட்டா 11, 14, 17, 20, 13, சராசரி 15. துல்லியத்தை அளக்கும் ஒரு கோண நிமிடம், அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, 50 மீட்டரில் 14.5 மில்லிமீட்டர். ஆக, மாற்றம் எதுவும் செய்யாத ஒரு வேட்டைத் துப்பாக்கி, நல்ல தோட்டா போட்டால், அந்த அளவை ஏறத்தாழ எட்டுகிறது. இது மிக நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அதற்கென்றே செய்த துப்பாக்கிகளோடு இதை ஒப்பிடுவது நியாயமாகாது.

தோட்டாவுக்குத் தோட்டா இவ்வளவு வேறுபாடு வரக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. 1887-இல் வந்த இந்தத் தோட்டாவில் தீப்பற்றும் கலவை, அடிப்பக்கத்து விளிம்பின் மடிப்புக்குள் பரவியிருக்கிறது. அது எங்கும் சமமாகப் பரவாவிட்டால் வேகம் மாறும். பெரிய ரகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் போல வீட்டில் நாமே தோட்டாவை நிரப்பிச் சரிசெய்யவும் வழியில்லை. நம் கையில் இருப்பது, நம் குழலுக்கு ஒத்துப்போகும் வகையைத் தேடிக் கண்டுபிடிப்பது மட்டுமே. வகை மாற்றும்போது குண்டின்மேல் பூசிய மெழுகு குழலில் படிவதால், பழையது போய்ப் புதியது படிய வேண்டும் என்று, முதல் இருபது குண்டுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது அந்தப் பன்னிரண்டு துளைகளுக்கு வருகிறேன். முயல் நமக்கு ஐந்து குண்டு சுட வாய்ப்புத் தராது. முதல் குண்டு ஒன்றுதான். எனவே வேட்டைத் தோட்டாவோடு, அதே அட்டையை நாள்தோறும் மாட்டி, ஒரே ஒரு குண்டு சுட்டுவிட்டுக் கழற்றி எடுத்து வந்தேன். உறைபனி விழுந்த காலைகளும் அதில் உண்டு. பன்னிரண்டின் அகலம் 36 மில்லிமீட்டர். முதலில் மனம் சோர்ந்துபோனேன். பிறகு குறிப்பேட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது: ஓரமாக ஒதுங்கிய இரண்டு துளைகளும், முந்தைய இரவு நான் குழலை நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்த நாள்களுக்கு உரியவை. அந்த இரண்டையும் நீக்கினால் 29. இரண்டு நாள்களை வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் இப்போது குழலைச் சுத்தம் செய்தால், சில குண்டுகள் சுட்டுக் குறியைச் சரிபார்க்காமல் வேட்டைக்குப் போவதில்லை.

நியூசிலாந்தின் இரண்டு டாலர் நாணயம் 26.5 மில்லிமீட்டர், நம் பத்து ரூபாய் நாணயமும் ஏறக்குறைய அதே அளவு. முயலின் தலையில் உடனே உயிர் போகும் இடமும் அவ்வளவுதான் என்று கணக்கில் வைத்திருக்கிறேன். 29 என்பது அதைவிடச் சற்றே பெரியது. அதுவும் மணல் மூட்டைமேல், காற்றில்லாத காலையில். மணிக்கு 10 கிலோமீட்டர் குறுக்குக் காற்று அடித்தால் 50 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் விலகிவிடும். அதிவேகத் தோட்டா காற்றுக்கு இன்னும் அதிகமாக விலகும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஒலியின் வேகத்தை ஒட்டிய இடத்தில் காற்றின் தடை ஏறுவதே காரணம். உட்கார்ந்து, இரட்டைக் கோல்மேல் துப்பாக்கியைத் தாங்கிச் சுட்டபோது என் கொத்து 48-ஆக விரிந்தது. அது துப்பாக்கியின் குறை அல்ல, என் உடம்பின் அசைவு.

ஆகவே துல்லியம் எனக்கு இப்போது மில்லிமீட்டர் அல்ல, தூரம். படுத்து, பையின்மேல் வைத்துச் சுட்டால் 40 மீட்டர் வரை மட்டுமே. உட்கார்ந்தால் 25. காற்று இருந்தால் இரண்டும் குறையும். போன சனிக்கிழமை மாலை, தைம் புதர்களுக்கு இடையே ஒரு முயல் எழுந்து உட்கார்ந்தது. தூரமானி 63 காட்டியது. குனிந்து நகர்ந்து 50 வரை நெருங்கினேன். அது காதை நிமிர்த்தி, வளைக்குள் ஓடிவிட்டது. தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, வேலியோரமாகவே வீடு திரும்பினேன். அடுத்த மாதம் இதே அட்டைச் சோதனையை 75 மீட்டரில் தொடங்குகிறேன்.