ரசீதுப் பையில் ஒரு நடனத் தொழில்

பெல்லி டான்ஸ் ஆடிப் பிழைக்க அயல்நாட்டுக்கு வந்து, பிறகு அங்கேயே நடனப் பள்ளி தொடங்கிய ஒரு அம்மாவிடம் கணக்கெழுதும் வேலை எனக்கு. சேர்ந்ததும் பழைய ரசீதுகள் திணித்த ஒரு பையைக் கொடுத்தார். அதைப் பிரித்தபோதுதான் தொழில் புரிந்தது. உணவகத்தில் ஆடிய ஆட்டத்துக்குக் கூலி, அதில் ஏஜென்டுக்குக் கமிஷன். உடை, ஒப்பனை, நள்ளிரவு டாக்சி எல்லாம் ஆடுபவர் தலையில். மணி கோத்துத் தைத்த ஒரு ஜோடி உடை வாங்கினால் பல இரவு வரும்படி போய்விடும். விசாவும் முதலாளி கையில் இருந்தால் கூலியைக் கூட்டிக் கேட்க வாய் வருமா?

பள்ளிக்கு அவர் வைத்த முதல் விதி, பருவக் கட்டணம் முன்கூட்டியே. வகுப்புக்கு வகுப்பு காசு வாங்கினால் மழை பெய்த மாதம் வாடகை யார் கொடுப்பது என்பார்.

அலுவலகச் சுவரில் பழைய காலத்து நடனக்காரர் பதியா மசாப்னியின் படம் உண்டு. டமாஸ்கஸில் பிறந்து, சிறுவயதில் சில காலம் அர்ஜென்டினாவில் இருந்து, பிறகு கெய்ரோவில் பிழைக்க வந்தவர். 1926-இல் அங்கே சொந்த அரங்கு திறந்தார். பெண்களுக்கு மட்டும் தனிக் காட்சி வைத்தார். கணவன்மார் சம்மதித்து அனுப்பக்கூடிய இடமாக அரங்கை ஆக்கிய வியாபார மூளை அது. பின்னாளில் எகிப்தியத் திரையைக் கலக்கிய தஹியா கரியோகாவும் சாமியா கமாலும் அவரிடம் ஆடியவர்கள்தாம். கடைசியில் வரித் தொல்லையால் எகிப்தை விட்டு லெபனானுக்குப் போய், ஷ்டௌரா ஊரில் பால், தயிர் விற்றார். அந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லித்தான் எங்கள் அம்மா என்னிடம் வரிக் கணக்கைக் கேட்பார். காலாண்டு முடியும் முன்பே கேட்பார்.

கலையைக் கடையாக்கிவிட்டார் என்று எங்கள் அம்மாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த மேசை கைதட்டும், எது காசு வைக்கும் என்று ஆடிக்கொண்டே கணித்தவருக்கு வியாபாரம் புதிதல்ல. ஒன்றில் மட்டும் நான் தோற்றேன். தப்லா என்னும் அரபு மேளம் வாசிப்பவரை நிறுத்திப் பதிவிசைக்கு ஆடினால் எவ்வளவு மிச்சம் என்று எழுதிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த பக்கத்தைக் காட்டச் சொன்னார்.

இப்போது வருமானத்தில் பெரும்பங்கு உடை விற்பனையில்தான். அவர் ஆடுவது ஆண்டு விழாவில் மட்டும். அதற்கு டிக்கெட் உண்டு. ஊழியர்களுக்குச் சலுகை கிடையாது.