பாலாற்றை வலம் வருதல்

ஜனவரி 11, ஞாயிறு

வேலூரில் பாலாற்றை அன்றாடம் கடப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சுற்றி வருபவர் எவரையும் நான் கண்டதில்லை. புதிய பேருந்து நிலையத்தருகே காட்பாடிச் சாலைப் பாலத்தில் ஏறி, விருதம்பட்டில் இறங்கி, காந்தி நகர்ப் பக்கமாகக் காங்கேயநல்லூர் சென்று, அங்குள்ள பாலத்தின் வழியே சத்துவாச்சாரிக்கு வந்து, நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டி நடந்தால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். இரு கரைகளிலும் ஆறு வலக்கைப் பக்கமாகவே இருப்பதால், இது முறைப்படி வலம்தான். திருவண்ணாமலைக்கு மாதந்தோறும் செல்லும் நண்பர் ஒருவரை அழைத்தேன். "மலையைச் சுற்றினால் புண்ணியம், இதைச் சுற்றினால் என்னங்க?" என்று கேட்டார், ஆனால் வந்தார்.

மழைக்காலம் முடிந்து சில வாரங்களே ஆகியிருப்பதால் ஆற்றில் நீர் இருக்கிறது. ஆறு நிறைய அல்ல. நாணலுக்கும் சீமைக்கருவேலத்துக்கும் இடையே இரண்டு மூன்று கால்களாகப் பிரிந்து, கணுக்கால் அளவுக்கு ஓடுகிறது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, அங்கே 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் கடந்து வரும் ஆறு, தமிழ்நாட்டில்தான் 222 கிலோமீட்டர் ஓடிக் கல்பாக்கத்துக்கு அருகே கடலில் கலக்கிறது. நீளத்தில் பெரும்பங்கு நமக்கு. தண்ணீரோ மேலே இருப்பவர்கள் தேக்கியது போக வருவது. வாணியம்பாடிக்கு மேலே புல்லூர்த் தடுப்பணை வழிந்தது என்று செய்தி வந்தால்தான் இங்கே நீரை எதிர்பார்க்க முடியும்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் முடிந்து ஊர் திரும்புபவர்களின் கூட்டத்தால் பேருந்து நிலையத்தைக் கடப்பதே பெரும்பாடாக இருந்தது. கூட்டத்துக்கு ஒதுங்கி முத்து மண்டபத்துக்குள் சென்றேன். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் அவர் குடும்பத்தாரும் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட அவர், பின்னர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று காவலிலேயே இறந்தார். மண்டபம் 1990இல் எழுந்தது.

மன்னன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், நீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். கோட்டையில் மன்னர் ஒருவர் கைதியாகவேனும் இருந்திருக்கிறார். ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் மீண்டும் லிங்கம் வைக்கப்பட்டுவிட்டது. மிச்சம் ஆறுதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று பாலத்தின் நடுவில் வெகுநேரம் நின்றேன். பாகாயம் செல்லும் நகரப் பேருந்து ஒன்று கடந்தபோது காலுக்கடியில் பாலம் மெல்ல அதிர்ந்து அடங்கியது. பாலத்தின் தளம் ஒரே பாளமாக இல்லை; தூணுக்குத் தூண் இடைவெளி விட்டு இணைத்திருக்கிறார்கள். வேலூர் வெயிலில் கான்கிரீட் நீளும், இரவில் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் தளம் வெடித்துவிடும். அந்த இணைப்பின் மேல் சக்கரம் ஏறி இறங்கும் 'தடக் தடக்' ஓசையைப் பேருந்துக்குள் இருந்து எத்தனையோ முறை கேட்டிருந்தும், காரணத்தை நினைத்துப் பார்த்ததில்லை. தொலைவில் காட்பாடிக்கும் கன்டோன்மென்ட்டுக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வண்டி ஒன்று ஊர்ந்தது.

நீர்க்கால்கள் ஒன்றாகக் குறைந்துவிட்டன. அதிலும் தெளிந்த நீர் எது, ஊர்ச் சாக்கடை எது என்று பாலத்தின் மேலிருந்தே நிறத்தைக் கொண்டு சொல்லிவிடலாம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் நாடெங்கும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். அது எங்கள் ஆற்றுக்காகப் பிறந்தது என்பது எங்களிலேயே பலருக்குத் தெரியாது.

பிப்ரவரி 22, ஞாயிறு

சிவராத்திரியை அடுத்து நடக்கும் மயானக் கொள்ளைத் திருவிழா முடிந்துவிட்டது. வேலூரின் பல பகுதிகளிலிருந்தும் விருதம்பட்டிலிருந்தும் அங்காளம்மன் தேர்கள் ஆற்றுக்கு வந்து சேரும் அந்த ஒரு நாள் மட்டும், கடந்து போவதற்கு உரியதாக இருந்த ஆறு, வந்து கூடும் இடமாகிறது. மணலில் இன்னும் எலுமிச்சைத் தோல்களும், வாடிய சாமந்திச் சரங்களும், சூறைவிட்ட கொண்டைக்கடலையும் கிடக்கின்றன. கடலைகளில் சில ஈரத்தில் ஊறி முளைவிட்டிருந்தன. மேலே காய்ந்து தெரியும் மணலுக்கு ஒரு சாண் கீழே ஈரம் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பாலாற்றின் இயல்பே அதுதான். முன்பு வேளாண்மை செய்தவர்கள், மணலுக்குள் ஓடும் நீரை ஊற்றுக்கால் வெட்டிச் சரிவாக வயலுக்குக் கொண்டு சென்றார்கள். மேலே ஓடுவதை மட்டும் ஆறு என்று அவர்கள் எண்ணவில்லை. சத்துவாச்சாரிக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "எங்க தாத்தா காலத்துல மூணு அடி நோண்டினா ஊத்து வந்துடும்பா, இப்போ போர் போட்டாலும் காத்துதான் வருது" என்றார். மணல்தான் நீரைப் பிடித்து வைத்திருந்தது. மணலை அள்ளிச் சென்றால் நீர் எதில் தங்கும்? வேலூருக்கு இப்போது காவிரி நீர் குழாயில் வருகிறது. ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு வேறோர் ஆற்றின் நீரைக் குடிப்பதில் ஒருவருக்கும் வியப்பில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

மார்ச் 15, ஞாயிறு

காங்கேயநல்லூரில் முருகன் கோயிலைத் தொழுது, எதிரே கிருபானந்த வாரியார் நினைவிடத்தில் சற்று அமர்ந்தோம். 1906இல் இவ்வூரில் பிறந்தவர், 1993இல் லண்டனிலிருந்து திரும்புகையில் விமானத்திலேயே காலமானார். பந்தல் நிறைந்த கூட்டத்தைத் தமிழால் கட்டிப்போட்டவரின் ஊர், ஞாயிறு காலையில் கோலத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் ஓசையன்றி வேறு சத்தமின்றி இருந்தது.

இங்கிருந்து சத்துவாச்சாரிக்குச் செல்லும் பாலம் வருவதற்கு முன், எதிரே தெரியும் கரைக்குப் போகவே சுற்றித்தான் செல்ல வேண்டும். 2021 நவம்பர் வெள்ளத்தின்போது ஆறு எவ்வளவு அகலம் என்பதை இந்தத் தலைமுறை முதன்முறையாகக் கண்டது. விரிஞ்சிபுரத்தில் தரைப்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. 1903இல் மைசூர்ப் பகுதி ஏரிகள் உடைந்து வாணியம்பாடி அழிந்த பெருவெள்ளத்தைப் பற்றி அதுவரை கதையாகத்தான் கேட்டிருந்தோம். உயரமான பாலங்களை வீண் செலவு என்று சொன்ன நண்பர், வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இப்போது மணல் மட்டுமே. எட்டு மணிக்கே வெயில் ஏறிவிடுகிறது. சர்வீஸ் ரோட்டில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. அடுத்த வாரம் முதல் சத்துவாச்சாரியிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புவது என்று பேசி முடித்திருக்கிறோம். நிழலற்ற அந்தப் பகுதியை இருட்டிலேயே கடந்துவிட்டால், வெயில் ஏறும் நேரத்தில் காங்கேயநல்லூர் வீடுகளின் நிழல் கிடைக்கும், வலமும் மாறாது.