பிடித்த இடத்திலேயே விடுவது

சென்னையில் ஒரு விலங்குக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். காலையிலேயே தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிடும். பாதிக்கு மேல் ஒரே கோரிக்கைதான்: "எங்க தெருவுல நாய்த் தொல்லை தாங்க முடியல, வந்து எடுத்துட்டுப் போங்க." எடுத்துப் போய் எங்கே வைப்பீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எங்களிடம் உள்ள கூண்டுகள் அறுவை சிகிச்சை முடிந்து தேறும் நாய்களுக்கும், அடிபட்டவற்றுக்கும், கண் தெரியாத, கால் இழந்த சிலவற்றுக்குமே போதவில்லை. மற்ற நாய்கள் காயம் ஆறியதும் பிடித்த தெருவுக்கே திரும்பிப் போக வேண்டும். 2001-இல் வந்து 2023-இல் திருத்தி எழுதப்பட்ட மத்திய அரசின் விதிகள் அதைத்தான் சொல்கின்றன: கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் அதே இடம். 2025-இல் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு மட்டும் வேறு உத்தரவு போட்டது: அங்கே பிடித்ததை மறுபடி அங்கேயே விடக் கூடாது. வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் வெளியே விடுவதில்லை.

"ஊசி போட்டு மறுபடி இங்கயே விட்டா எதுக்குப் பிடிக்கணும்?" என்று சண்டைக்கு வருவார்கள். நியாயமான கேள்விதான். ஒரு தெருவில் நாய்களை மொத்தமாகக் காலி செய்தாலும் குப்பைத்தொட்டியும் இறைச்சிக் கடையும் அங்கேயே இருக்கும். பக்கத்துத் தெருவிலிருந்து ஊசி போடாத நாய்கள் வந்து சேரும். பெட்டை நாய் இரண்டு மாதத்தில் குட்டி போட்டுவிடும். சென்னையே இதற்குச் சாட்சி. மாநகராட்சி பல பத்தாண்டுகள் நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. நாய்கள் குறையவில்லை. 1959-இல் இங்கே தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு 1964 முதலே கருத்தடைதான் வழி என்று செய்துகாட்டியது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-இல். அந்த முப்பது வருடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

தெருவில் உள்ளவர்கள் துணைக்கு வராவிட்டால் வலையும் வண்டியும் ஒன்றுக்கும் உதவாது. ஒரு குடியிருப்பில் மாட்டாமல் போக்குக் காட்டிய கறுப்புப் பெட்டை ஒன்று இருந்தது. எங்கள் வண்டிச் சத்தம் கேட்டாலே காணாமல் போய்விடும். முனையில் இட்லிக் கடை போட்டிருந்த அக்காதான் வழி சொன்னார்: "தம்பி, நீங்க வண்டிய அந்தப் பக்கமே நிறுத்திட்டு நடந்து வாங்க. நான் சோறு வைக்கிறேன், தின்னும்போது நானே தூக்கிக் குடுக்குறேன்." அப்படியே செய்தார். மருந்தில் மயங்கிக் கிடக்கும்போதே காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு வைத்துவிடுவோம். இது ஏற்கெனவே கருத்தடை ஆன நாய் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அதையே மறுபடி பிடித்து வதைப்போம். தையல் ஆறி அது திரும்பியபோது அக்கா முதலில் பார்த்தது வயிற்றைத்தான், பிறகு காதை. இப்போது அந்தப் பகுதியில் எந்த நாய்க்குக் காது வெட்டு இல்லை என்று எங்கள் பதிவேட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு மிகவும் கடினமாக இருப்பது புழு வைத்த புண். சின்னக் கடிக்காயத்தில் ஈ முட்டையிட்டால் சில நாளில் காதுக்குப் பின்னால் குழி விழுந்துவிடும். நாய் வருவதற்கு முன்னே நாற்றம் வரும். வாயைக் கட்டி, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மருந்து விட்டதும் புழுக்கள் மேலே நெளிந்து வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். உள்ளே ஒன்று தங்கினாலும் புண் ஆறாது. நல்ல மனதோடு சிலர் பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றிவிட்டுக் கூப்பிடுவார்கள். அதில் தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் விஷம். தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள். ஈ மொய்க்காமல் ஒரு துணியால் மூடி எங்களைக் கூப்பிட்டால் போதும்.

பள்ளிகளுக்குப் போவதுதான் எனக்குப் பிடித்த வேலை. நாய் துரத்தினால் ஓடாதே, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நில். சாப்பிடும் நாயையும் குட்டி போட்ட தாயையும் நெருங்காதே. இதைப் பிள்ளைகள் நடித்தே காட்டிவிடுவார்கள். கடித்துவிட்டால் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் கூடவே கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனையில் இலவச ஊசி, பிறகு சொன்ன நாட்களில் மிச்சத்தையும் தவறாமல் போட வேண்டும். வெறிநோய் முற்றிய பின் காப்பாற்ற மருந்து கிடையாது.

ஒரு வகுப்பில், "கடிச்சா வீட்டுல சொல்லுவியா?" என்று கேட்டேன். ஒரு சிறுவன் தலையாட்டி மறுத்தான். "அப்பா அடிப்பாரு சார், நாய்கிட்ட ஏன் போனேன்னு." பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சின்ன நகக்கீறலைச் சொல்லாமல் மறைப்பதில்தான் உயிர் போகிறது. அதனால் இப்போதெல்லாம் பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளாகப் பார்த்துத்தான் பள்ளிகளிடம் தேதி கேட்கிறோம். பெரும்பாலும் அரை மணி நேரம் தருகிறார்கள். பிள்ளை வந்து சொன்னால் திட்டவும் கூடாது, அடிக்கவும் கூடாது, நேராகக் குழாயடிக்குக் கூட்டிப்போங்கள் என்பதைத்தான் முதலில் சொல்கிறோம். கருத்தடை பற்றிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.