கன்னத்தின் உள்பக்கம்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் என்பதால், காய்ச்சல் பார்ப்பதோடு தினமும் வாயையும் பார்த்துவிடுவேன். கேண்டிடா என்ற பூஞ்சை பலர் வாயிலும் சாதுவாக இருப்பதுதான். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்துவிட்டால் அது தலையெடுக்க அதிக நாள் ஆகாது. ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் கூடவே போனால் இன்னும் சீக்கிரம்.

"நாக்குல மாவு படிஞ்சிருக்கு சிஸ்டர்" என்று அம்மாக்கள் காட்டுவார்கள். கைக்குழந்தை என்றால் பெரும்பாலும் வெறும் பால்தான். நாக்கில் மட்டும் இருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அதனால் நான் முதலில் பார்ப்பது கன்னத்தின் உள்பக்கம், அப்புறம் உதட்டின் உள்பக்கம், அண்ணம். அங்கேயும் தயிர்த் திப்பி போல வெள்ளை ஒட்டியிருந்து, வழித்தால் அடியில் ரணமாகச் சிவந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். பிளேட்லெட் குறைந்த குழந்தையிடம் வழித்துப் பார்க்கும் வேலையே கூடாது. ரத்தம் கசிந்தால் நிற்பது பெரும்பாடு.

வெள்ளையாக இருப்பதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. என்னைக் கவலைப்படுத்துவது சிவப்பு வகைதான். அண்ணத்தில் ஒரு சிவந்த திட்டு, சொரசொரப்பு போய் வழவழத்த நாக்கு, சில சமயம் கடைவாயில் வெடிப்பு, அவ்வளவுதான் தெரியும். கீமோவால் வரும் வாய்ப்புண் என்று நினைத்து விட்டுவிடுவது சுலபம். இரண்டும் சேர்ந்தும் வரும். அதனால் எந்த இடத்தில், என்ன நிறத்தில் பார்த்தேன் என்று குறிப்பில் எழுதிவிடுவேன். சந்தேகமாக இருந்தால் மருத்துவர் அங்கிருந்து ஒரு மாதிரியை எடுத்து லேபுக்கு அனுப்புவார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும்.

சின்னக் குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. ஸ்பூனைத் தள்ளும், எச்சில் வடிக்கும். ஒரு பையன் பசிக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கவனித்தால், ஆசையாக மென்றுவிட்டு விழுங்காமல் கன்னத்திலேயே அடக்கி வைத்திருந்தான். மருத்துவரிடம் சொன்னேன். உணவுக்குழாய் வரை பூஞ்சை இறங்கியிருக்கலாம் என்று ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கினார். சில நாட்களில் விழுங்க ஆரம்பித்தான். வாய்ப் பூஞ்சைக்குக் கொடுக்கும் நிஸ்டாட்டின் சொட்டு மருந்து அங்கே போதாது. அது உடம்பில் கலக்காது, பட்ட இடத்தில்தான் வேலை செய்யும்.

பிறந்த சில வாரங்களுக்கு நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கும் இந்த வாய்ப் பூஞ்சை வரும். ஆறு, எட்டு வாரம் தாண்டியும் காரணமில்லாமல் விடாப்பிடியாக இருந்தால் கதை வேறு. எச்ஐவி உள்ள குழந்தைகளில் அதை உலக சுகாதார நிறுவனம் நோய் முற்றிவருவதைக் காட்டும் மூன்றாம் நிலை அறிகுறியாக வைத்திருக்கிறது.

வீட்டுக்குப் போகும் பெற்றோரிடம் நான் கறாராகச் சொல்வது ஒன்று: சாப்பிட்ட பிறகுதான் சொட்டு மருந்து. கொடுத்த கையோடு பாலைக் கொடுத்தால் எல்லாம் வயிற்றுக்குப் போய்விடும். வெள்ளை மறைந்ததும் நிறுத்தவும் கூடாது, குறைந்தது இன்னும் 2 நாள் கொடுக்க வேண்டும்.