கால் கப் மாவு

"இதில் எவ்வளவு மாவு, செஃப்?"

"கால் கப், மேடம். அட்டையில் இருப்பதுதான்."

இந்த இரண்டு வரிதான். நடந்து ஐந்து மாதம் ஆகிறது. ராத்திரி அடுப்பைத் துடைக்கும்போதெல்லாம் இரண்டாவது வரியை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன்.

மாதம் ஒரு பழைய ஹாலிவுட் நட்சத்திரம், அவர் பெயரில் உலவும் ஒரு பண்டம், சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய படம். எங்கள் முதியோர் இல்லத்தில் இதை ஆரம்பித்துவைத்தது நான்தான். அதற்கு முந்தின மாதம் மர்லின் மன்றோவின் ஸ்டஃபிங், அதாவது கோழிக்குள் அடைக்கும் கலவை. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் அவர் கைப்பட எழுதிவைத்திருந்த குறிப்பு, 2010இல்தான் வெளியே வந்தது. ரொட்டியை நனைத்துப் பிழிந்து, ஈரல், கொத்துக்கறி, உலர்திராட்சை, பார்மேசான் சீஸ் என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பூண்டு கூடாது என்று எழுதியிருக்கிறார். நான் பூண்டு போடவில்லை. அந்த அளவுக்கு ஒழுங்கானவன்தான் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது கேதரின் ஹெப்பர்ன். அமெரிக்காவில், அதுவும் கனெடிகட் மாநிலத்தில் இருந்துகொண்டு அவரை விட முடியுமா? ஹார்ட்ஃபர்டில் பிறந்தவர், 2003இல் ஓல்ட் சேபுரூக்கில் கடலோர வீட்டில் இறந்தவர். நாலு ஆஸ்கர் வாங்கினவர் என்பதைவிட நம்ம ஊர்க்காரர் என்பதுதான் இங்கே பெரிய பேச்சு. அவருடைய பிரௌனி, அதாவது சாக்லேட் கேக் மாதிரியான பண்டம், 1975இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்தது. வெண்ணெய் அரை கப், இனிப்பில்லாத சாக்லேட் இரண்டு அவுன்ஸ், சர்க்கரை ஒரு கப், முட்டை இரண்டு, வால்நட் ஒரு கப். மாவு வெறும் கால் கப். அவர் இறந்த பிறகு, ஒரு காலத்தில் நியூயார்க்கில் அவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு பெண் நியூயார்க் டைம்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஹெப்பர்னிடம் கற்றுக்கொண்டதாக அவர் சொன்னவற்றில் ஒன்று, பிரௌனியில் மாவை அதிகம் போடாதே என்பது.

இதைப் படித்துவிட்டுத்தான் நான் மாவை அதிகம் போட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. அறுபது பேருக்கு எட்டு மடங்கு கலக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், வால்நட் வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். எட்டு கப் வால்நட் போனால் கலவையைப் பிடித்து நிறுத்த என்ன இருக்கிறது? முந்தின நாள் செய்து பார்த்தேன். பெரிய தட்டின் ஓரம் கருகியது, நடுவில் களி மாதிரி ஆடியது, கத்தியோடு பாதி பிரௌனி ஒட்டிக்கொண்டு வந்தது. பதினாறு முட்டை சேர்ந்த பண்டத்தை நடுவில் வேகாமல் வயதானவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? இரண்டு கப் மாவு போட வேண்டிய இடத்தில் ஐந்து கப் போட்டேன். சதுரம் சதுரமாக அழகாக வந்தது. எந்தச் சமையல்காரனும் அதைத்தான் செய்திருப்பான்.

சரி, எவ்வளவு மாவு என்று கேட்ட அந்த அம்மாவிடம் அதை அப்படியே சொல்லியிருக்கலாமே?

மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றார் என்று சொல்ல ஆசைதான். யாரும் நிற்கவில்லை. ஆனால் மேஜைக்கு மேஜை நான் அச்சடித்து வைத்த அட்டை இருந்தது, அதில் கால் கப் என்று இருந்தது. வாய் அதைப் படித்துவிட்டது.

அந்த அம்மாவுக்குத் தொண்ணூற்றொன்று. பத்திரிகையிலிருந்து அந்தக் குறிப்பை வெட்டிவைத்து முப்பது வருஷம் வீட்டில் செய்தாராம். அவர் கணவர் ஸ்பூனால்தான் சாப்பிடுவாராம், கையில் எடுத்தால் நிற்காது. இதைச் சொல்லிக்கொண்டே என்னுடைய சதுரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அது விறைப்பாக நின்றது. அட்டையை எடுத்துப் படித்தார். மறுபடியும் ஒரு கடி. அப்புறம் சிரித்தபடி, "அப்போ என் நாக்கும் போய்விட்டது" என்றார்.

'நாக்கும்' என்றார். அந்த 'உம்'மைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அங்கே அவர்களை நாள் முழுக்க யாராவது திருத்திக்கொண்டே இருப்போம். இன்று செவ்வாய் இல்லை, மாத்திரை போட்டாயிற்று, மகள் நேற்றுதான் வந்துபோனாள். சொல்வது பெரும்பாலும் உண்மைதான், அதனால் அவர்களும் தலையாட்டிப் பழகிவிட்டார்கள். அன்றைக்கு அவர் சொன்னதுதான் சரி. அதையும் திருத்திவிட்டேன்.

இவ்வளவு யோசிக்க இதில் ஒன்றுமில்லை என்றும் தோன்றும். நட்சத்திரங்கள் பெயரில் வந்த குறிப்புகளில் ஸ்டூடியோ விளம்பர ஆட்கள் எழுதித் தள்ளியவை எத்தனையோ. ஹெப்பர்னின் பிரௌனியையே எடுத்துக்கொண்டால், ஒருவர் சாக்லேட் என்கிறார், ஒருவர் கோகோ பவுடர் என்கிறார். வால்நட் பீக்கன் ஆகிறது, வெனிலா அரை ஸ்பூன் ஒரு ஸ்பூன் ஆகிறது. இதில் நான் மட்டும் எதற்கு அரிச்சந்திரனாக இருக்க வேண்டும்? என் கைக்கு வந்த எல்லாக் குறிப்பிலும் மாறாமல் இருந்தது அந்தக் கால் கப் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

மூன்று வாரம் கழித்து, என் விடுமுறை நாளில், எட்டு அங்குலத் தட்டில் சரியாகக் கால் கப் போட்டு வீட்டில் செய்தேன். 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து, நடுவில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே எடுத்தேன். அவருக்கு விழுங்குவதில் பிரச்சினை இல்லை என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, வால்நட்டோடு, ஸ்பூனும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். டெலிபோன் பக்கத்தில் அந்த அட்டை சாய்த்து வைத்திருந்தது. கால் கப்பைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.

மெதுவாகச் சாப்பிட்டார். ஸ்பூனை நக்கினார். "நன்றாக இருக்கிறது. அன்றைக்குக் கொடுத்ததேதானே?"

மறந்துவிட்டாரா, என்னைச் சோதிக்கிறாரா, நிஜமாகவே நாக்கு போய்விட்டதா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கொஞ்சம் வேறு மாதிரி செய்தேன்" என்றேன்.

"எது வேறு?"

"அடுப்பு, மேடம். வீட்டு அடுப்பு."

"ஓ, அடுப்பா" என்றார். மீதியைக் காகித நாப்கினில் சுற்றி மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.