பிஸ்கால் வந்த ஒக்டோபர்

ஒக்டோபர் 8, 2024, செவ்வாய்

காலை பத்து மணியளவில் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, ஒரு பள்ளிச் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், எங்கள் அறையான காம்பிராவின் வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் நீதிமன்றத்தின் பிஸ்கால் உத்தியோகத்தர், கடனுக்காகப் பொருட்களைக் கைப்பற்ற வருபவர். அவருக்குப் பின்னால் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆள். மூன்றாமவர் லொறிச் சாரதி. லொறி கோயிலடியில் நின்றது. ஆட்களைப் பார்த்தபோது நடுங்காத கை, லொறியைப் பார்த்தபின் நடுங்கியது.

பிஸ்கால் குரலை உயர்த்தவில்லை. என் வீட்டுக்காரரின், அதாவது கணவரின் பெயரைச் சொல்லி, பொருட்களைக் கைப்பற்றச் சொல்லும் நீதிமன்ற எழுத்தாணையைக் காட்டி, 412,600 ரூபாயைக் கட்ட முடியுமா என்றுதான் முதலில் கேட்டார். முடியாது என்றேன். அதன் பிறகே உள்ளே வந்து, தொலைக்காட்சிப் பெட்டி, எரிவாயு அடுப்பு, இரும்பு அலுமாரி என்று எழுதத் தொடங்கினார். கட்டிலையும் படுக்கையையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தையல் மெசினருகே வந்ததும் பேனா நின்றது. "அக்கா, இதில் யார் வேலை செய்வது?" என்று உடைந்த தமிழில் கேட்டார். ஊசியில் அந்தச் சட்டைக் கை பாதியில் தொங்கிக்கொண்டிருந்ததால் நான் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. இது தொழில் கருவி, எழுத முடியாது என்று அவரே நிறுவனத்தின் ஆளிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டார். அலுமாரி என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது என்றேன். அதையும் பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

நிறுவனத்தின் ஆள் வெளியே போய் யாருடனோ தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, இரண்டு கிழமை தவணை தருவதாகச் சொன்னார். லொறி வெறுமையாகத்தான் போனது. ஆனால் அது திரும்பும்வரை லயத்தின் பன்னிரண்டு கதவுகளும் திறந்திருந்தன.

ஒக்டோபர் 9, புதன்

நேற்றிரவு வீட்டுக்காரரும் நானும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தவர், பட்டியலின் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

கடன் 2021 பெப்ரவரியில் வாங்கியது. முன் அறையில் அவர் வைத்திருந்த சிறு கடைக்குச் சரக்குப் போட 250,000 ரூபாய் எடுத்தார். அந்த ஆண்டே இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு, தேயிலைக் கொழுந்து குறைந்து, தோட்டத்தில் கைக்காசு வற்றியபோது, கடன் கொப்பியில் மட்டும் பெயர்கள் கூடிக்கொண்டே போயின. ரொட்டி சுட மாவு கேட்டு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். மறு ஆண்டு தவணையைக் குறைத்துத் தரக் கேட்டுப் போனோம். மத்திய வங்கி ஏப்ரலில் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்த நேரம் அது. மாற்றி எழுதினால் புதிய வட்டிதான் என்றார்கள். திரும்பி வந்தோம். சில மாதங்களில் கடையை மூடினோம்.

சென்ற ஆண்டு நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அவருக்குப் பேச வரும், வாசிக்க வராது. இன்னொரு நினைவூட்டல் கடிதம் என்று எண்ணி, மின்சாரப் பட்டியல்களோடு ஆணியில் குத்திவைத்துவிட்டோம்.

ஒக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மெசினைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, வேலியோரத்துச் செவ்வந்தியைச் சூட்டினேன். இந்த ஆண்டு கும்பிடும்போது பிஸ்காலின் பேனா நின்றது நினைவுக்கு வந்தது.

இரவு ஏழு மணிக்குக் கிழமைதோறும் கடன் வசூலிக்கும் தம்பி வந்தார். இது வேறு கடன், பெண்கள் குழுவாக எடுக்கும் நுண்கடனில் என் பெயரில் உள்ளது, மீதி 18,000 ரூபாய். பிஸ்கால் வந்த செய்தி அவருக்கும் எட்டியிருந்தது போலும். நாளைக்கே தானும் லொறியோடு வந்து மெசினை ஏற்றுவதாக வாசலில் நின்று சத்தமிட்டார். மூன்று நாட்களுக்கு முன்பு என்றால் அழுதிருப்பேன். நீதிமன்றத் தாள் இருக்கிறதா, காட்டுங்கள் என்று கேட்டேன். கையிலிருந்த வசூல் புத்தகத்தைப் புரட்டினாரே தவிர, பதில் சொல்லவில்லை. வழக்கமான 1,000 ரூபாயைக் கொடுத்து, புத்தகத்தில் எழுதி வாங்கி அனுப்பினேன்.

2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுக்கு 100,000 ரூபாய் வரையிலான நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தபோது, மழைக்குக் குறையில்லாத எங்கள் மலைப்பக்கம் அந்தக் கணக்கில் வரவில்லை. மழை பெய்தால் கடன் கரைந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஒக்டோபர் 14, திங்கள்

தலவாக்கலையிலிருந்து நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போனேன். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஓர் இளம் பெண் சட்டத்தரணி, நான் கொண்டுபோன பையைக் கவிழ்த்து, ஆணியில் குத்தியிருந்த கடிதத்தை முதலில் எடுத்தார். அது நினைவூட்டல் அல்ல. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பாணை. குறித்த நாளில் போய் மறுப்புச் சொல்ல அனுமதி கேட்காவிட்டால் அது உறுதியாகிவிடும். உறுதியாகிவிட்டது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி எங்கள் வழக்கைத் தமிழில் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை எங்களுக்கு இருந்தது. அதைக் கேட்பதற்கும் முதலில் போயிருக்க வேண்டுமே.

குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 218ஆம் பிரிவை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். உடுதுணி, படுக்கை, தொழில் கருவிகள், தொழிலாளியின் கூலி ஆகியவற்றைக் கைப்பற்ற முடியாது. அலுமாரி என்னுடையது என்று நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம், அதனால் அதையும் எடுக்க முடியாது. கேட்கக் கேட்க எனக்கு மூச்சு வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியும் அடுப்பும்தானே, போனால் போகட்டும் என்றே சொல்லிவிட்டேன்.

அவர் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "பிணைக் கையெழுத்து யாருடையது?" என்று கேட்டார்.

சித்தப்பாவுடையது. கொட்டகலையில் 10 பேர்ச் காணியும் ஒரு வீடும் அவருக்கு இருக்கின்றன, ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் கட்டியவை. எங்களிடம் எடுக்க ஒன்றுமில்லை என்பது எங்களைக் காப்பாற்றும்; அவரைக் காப்பாற்றாது. அடுத்த எழுத்தாணை அந்தக் காணிக்குப் போகலாம்.

ஒக்டோபர் 16, புதன்

கொட்டகலைக்குப் போய்ச் சொன்னோம். என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. சித்தப்பா நீண்ட நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, "லொறி வந்த அன்றைக்கே எனக்கு ஏன் சொல்லவில்லை, மகள்?" என்று மட்டும் கேட்டார். சித்தி தேநீர் தந்தார், ஆனால் எங்களோடு உட்காரவில்லை.

ஒக்டோபர் 22, செவ்வாய்

நீதிமன்றத்தில் இம்முறை மொழிபெயர்ப்பாளர் இருந்தார். இரு தரப்புச் சட்டத்தரணிகளும் வெளி விறாந்தையில் பேசி முடித்ததை உள்ளே பதிவுசெய்தார்கள்: இம்மாத முடிவுக்குள் 25,000, பின்னர் மாதம் 9,000, ஒழுங்காகக் கட்டும்வரை எங்கள் மீதோ பிணையாளி மீதோ எழுத்தாணை நிறைவேற்றப்படாது. தோட்டத்தின் புதிய நாட்சம்பளமான 1,350 ரூபாயில் 25 நாள் வேலை செய்தாலும் 33,750தான் வரும், அதுவும் கழிவுகளுக்கு முன். மீதியை மெசின்தான் தைத்துத் தர வேண்டும்.

ஒக்டோபர் 30, புதன்

தோட்டத்தில் தந்த தீபாவளி முற்பணத்தோடு தையல் காசையும் சேர்த்து, 25,000 ரூபாயை இன்று கட்டிவிட்டோம். ரசீதை ஆணியில் குத்தவில்லை. பிஸ்கட் டின்னில் வைத்து, ஒரு பிரதியைச் சித்தப்பாவுக்குக் கொடுத்தனுப்பினேன். மகளுக்குப் புதுத்துணி வாங்கவில்லை. என்னுடைய பழைய சேலையொன்றை வெட்டிப் பாவாடை தைத்துக்கொண்டிருக்கிறேன்; கரை இன்னும் மடிக்கவில்லை, மணி பதினொன்றாகிறது.